ஸ்டேஷன் முதல் தீர்ப்பு வரை



எங்க ஊரில் போலீஸ், கோர்ட் என்றாலே "அந்தப் பக்கமே போகாதே" என்பார்கள். போனாலும், காட்டிய இடத்தில் கைநாட்டு வைத்துவிட்டு வருவதுதான் வழக்கம். என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்ல வீட்டில் ஆள் கிடையாது. இப்போது அந்த ஆள் நாம்தான். அதனால் தெரிந்து வைத்துக்கொள்வோம்.

ஒரு குற்ற வழக்கில் போலீஸ் புலன்விசாரணை செய்கிறது. அரசு வக்கீல் வழக்கை நடத்துகிறார். தீர்ப்புச் சொல்வது கோர்ட். தண்டனையை நிறைவேற்றுவது சிறை. பிடிப்பவரே தண்டிக்கக் கூடாது என்பதற்குத்தான் இந்த ஏற்பாடு! 1973ஆம் ஆண்டு நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக, 2024 ஜூலை 1 முதல் பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா அமலில் உள்ளது. அடிப்படை உரிமைகள் அப்படியேதான் இருக்கின்றன.

முதல் படி எஃப்.ஐ.ஆர். கொலை, கொள்ளை போன்ற பெரிய குற்றம் பற்றிப் புகார் வந்தால் பதிவு செய்தே ஆகவேண்டும் என்று 2013இல் லலிதா குமாரி வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. எழுதத் தெரியாதவர் வாயால் சொல்லலாம். போலீஸ் எழுதி, படித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து. நகல் இலவசம். "இது எங்க எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்பக் கூடாது.

அடுத்தது கைது. காரணம் சொல்லவேண்டும், வீட்டுக்குத் தகவல் தரவேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தவேண்டும். இது அரசியல் சட்டத்தின் 22ஆவது பிரிவு தரும் உரிமை.

குற்றப்பத்திரிகைக்கும் கெடு உண்டு. குற்றத்தைப் பொறுத்து 60 அல்லது 90 நாளில் தாக்கல் ஆகாவிட்டால், உள்ளே இருப்பவர் ஜாமீன் கேட்டுப் பெறலாம். சில விசேஷச் சட்டங்களில் மட்டும் கெடு வேறு.

சரி, வக்கீலுக்குப் பணம்? பீகார் சிறைகளில் விசாரணை முடியாமலே பல ஏழைகள் வருடக்கணக்கில் கிடந்தார்கள். சிலர், குற்றம் நிரூபணமாகியிருந்தால் கிடைத்திருக்கும் தண்டனையைவிட அதிக காலம்! 1979இல் ஹுசைனாரா காத்தூன் வழக்கில்தான் அது வெளியே வந்தது. ஏழைக்கு இலவச வக்கீல் உரிமை என்றது சுப்ரீம் கோர்ட். இன்று அதற்கென்றே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. காவலில் இருப்பவர், பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் யாருக்கும் வருமான வரம்பு கிடையாது. போன் எண் 15100.

நண்பர்களே, அந்தச் சிறைகளில் கிடந்தவர்களுக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. எடுத்துச் சொல்லத்தான் ஆள் இல்லை. இந்த லீவில் ஊருக்குப் போகும்போது, 24 மணி நேரம், இலவச நகல், இலவச வக்கீல் என்ற மூன்றையாவது வீட்டில் சொல்லுங்கள்.

- இரண்டாம் ஆண்டு, மின்னியல் துறை