ஐந்தாம் தேதியா, ஐந்தாம் மாதமா?

சென்ற ஆண்டு ஜூன் 5ஆம் தேதி காலையில், பங்சாரில் ஒரு கண் சிகிச்சையகத்திற்கு அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். முகப்பில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, "ஆன்டி, உங்க அப்பாயின்மென்ட் மே 6ஆம் தேதியாச்சே!" என்றார்.

கைப்பேசிக்கு வந்திருந்த செய்தியைக் காட்டினேன். 05/06/2025. நான் படித்தது ஜூன் 5. அந்த மென்பொருள் சொன்னது மே 6. அடுத்த இடம் கிடைத்தது ஜூன் 26இல். ஓர் எண்ணை மாற்றிப் படித்ததில் அம்மாவின் சிகிச்சை ஏழு வாரம் தள்ளிப்போனது.

132 நாள் குழப்பம்

நாம் நாளை முதலில் எழுதுகிறோம்; அமெரிக்கர்கள் மாதத்தை. உலகமே 9/11 என்று சொல்லும் நாள், நம் வழக்கப்படி 11/9. தேதி 12க்கு மேல் போய்விட்டால் கவலையில்லை. 25/06 என்பதை வேறு மாதிரி படிக்க முடியாது. ஒவ்வொரு மாதமும் முதல் 12 நாள்தான் சிக்கல். 1/1, 2/2 போன்ற 12 நாள்களைக் கழித்தாலும், ஆண்டுக்கு 132 நாள்களை இரண்டு விதமாகப் படிக்கலாம்!

கணினி ஏன் தடுமாறுகிறது?

மென்பொருள் துறையில் இருக்கும் நண்பரிடம் தே தாரிக் குடித்தபடி கேட்டேன். இணையப் பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் முதல் வடிவம் 1995இல் பத்தே நாளில் உருவானது. தேதிக்கான பகுதியை ஜாவா மொழியிலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அதில் ஜனவரி 0, டிசம்பர் 11!

சாய்கோடு போட்டு எழுதிய தேதியைக் கொடுத்தால், உலாவிகள் பொதுவாக அமெரிக்க முறையில்தான் படிக்கும். 25/06 என்று கொடுத்தால் 'செல்லாத தேதி' என்று சொல்லிவிடும். 05/06 என்றால் வாயே திறக்காமல் மே 6 என்று எடுத்துக்கொள்ளும். "சத்தம் போடும் தப்பை உடனே பிடிச்சிடலாம். சத்தமில்லாத தப்புதான் வாடிக்கையாளர் வீடு வரைக்கும் போயிடும்" என்றார் நண்பர்.

நேர வித்தியாசமும் விளையாடும். உலகப் பொது நேரத்தைவிட நாம் 8 மணி நேரம் முன்னால் இருக்கிறோம். இங்கே நள்ளிரவு 12 என்றால், பொது நேரப்படி முதல் நாள் மாலை 4 மணி. பிறந்த தேதியை நள்ளிரவு நேரத்தோடு சேர்த்துப் பொது நேரத்துக்கு மாற்றிவைத்தால், ஒரு நாள் முன்னதாகவே பிறந்தவர் ஆகிவிடுவீர்கள்.

இன்னொன்று. 1981 டிசம்பர் 31 இரவு 11.30க்குத் தீபகற்ப மலேசியா கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி 1982ஐ வரவேற்றது. அதற்கு முன் நம் வித்தியாசம் ஏழரை மணி நேரம்தான். 1981இல் இங்கே பிறந்தவருக்கு ஜாதகம் கணிக்கும் மென்பொருள் இன்றைய கணக்கைப் போட்டால், லக்னமே மாறிவிடலாம்.

வழி நம் பையில் இருக்கிறது

உங்கள் மைகார்டை எடுத்துப் பாருங்கள். முதல் ஆறு எண்கள்: ஆண்டு, மாதம், நாள். 1988இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 8601 என்ற உலகத் தரமும் இதே வரிசையைத்தான் சொல்கிறது. ஆண்டை மட்டும் நான்கு இலக்கத்தில் எழுதச் சொல்கிறது: 2025-06-05. சேமிக்கும்போது இப்படி வைத்துக்கொண்டு, காட்டும்போது மட்டும் அந்தந்த நாட்டு வழக்கத்துக்கு மாற்றுவதுதான் நிரலாளர்கள் செய்ய வேண்டியது. அதற்கான வசதி உலாவிகளிலேயே இருக்கிறது. மலாயிலும் காட்டும், '5 ஜூன், 2025' என்று தமிழிலும் காட்டும்.

நாம் செய்ய வேண்டியது இன்னும் எளிது. விமானச் சீட்டு, மருத்துவமனை, விசா எதுவானாலும் மாதம் எண்ணில் மட்டும் இருந்தால், கிழமை என்ன என்று கேளுங்கள். மே 6 செவ்வாய், ஜூன் 5 வியாழன். அதை அன்றே கேட்டிருந்தால் எனக்கு விஷயம் புரிந்திருக்கும்.

அம்மாவுக்கு இப்போது கைப்பேசிச் செய்தியில் நம்பிக்கை இல்லை. ஃபோன் போட்டு, "எந்த மாசம்?" என்று கேட்டு, சமையலறையில் தொங்கும் குதிரை நாள்காட்டியில் பேனாவால் வட்டம் போட்டுவிடுகிறார். அந்த வட்டம் இதுவரை தப்பியதில்லை.