தலையிலே கமரா

தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையிற் பட்டப் போட்டியைக் கண்டு களித்த நாம் ஓர் உண்மையை அறிவோம். சிறியதொரு பனைமட்டைக் கருக்கு நூலைப் பற்றிக்கொண்டாலும் பட்டத்தின் கதை முடிந்துவிடும். விமானத்திலிருந்து குதித்து, விழும்போதே படம் பிடிப்போருக்கும் இதுவே முதற்பாடம்.

1969ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஜிப்சி மொத்ஸ்’ என்னும் திரைப்படத்துக்காகக் கார்ல் பேனிஷ் என்பவர் தலைக்கவசத்திற் கமராவைப் பொருத்திக்கொண்டு வானிலே குதித்தார். இன்று கமரா உள்ளங்கையளவாகச் சிறுத்துவிட்டது, ஆபத்தோ சிறுக்கவில்லை.

குதிப்பவர் மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீற்றர் வேகத்தில் விழுகின்றார். பரசூட் விரியும்போது அதன் கயிறொன்று கமராவில் மாட்டிக்கொண்டால் கழுத்து முறியலாம். பரசூட்டும் சரிவர விரியாது போகலாம். ஆகையாற் கமராவை அசையாது இறுக்கி, கயிறு நுழையக்கூடிய இடுக்குகளை அடைத்து, வெளிப்புறத்தை வழவழப்பாக்குவர். நாடிப் பட்டியிலும் ஒரு கொளுக்கி உண்டு. ஆபத்து நேர்ந்தால், அதனை ஒரு கையால் இழுத்ததும் தலைக்கவசம் கமராவோடு கழன்றுவிடும். பொருள் போனாலும் தலை தப்பும்.

200 தடவை குதித்த பின்னரே கமரா அணியுமாறு அமெரிக்கப் பரசூட் சங்கம் அறிவுறுத்துகின்றது. அனுபவம் மட்டும் போதுமா? 1988இல் வட கரோலினாவில், நூற்றுக்கணக்கான தடவை குதித்துப் பழகிய ஒருவர், படப்பிடிப்புக் கருவிகளை மறவாது அணிந்து, பரசூட்டை மறந்து குதித்து உயிர் துறந்தார்.

கடல் கடந்து வாழும் எம்மவர் பிள்ளைகளும் இவ்விளையாட்டை நாடக்கூடும். அவர்களுக்கு நாம் கூறுவது இதுவே: முதலில் உயிர், பின்னரே படம்.