காண்பதும் காணப்படுவதும்

தென்காசி மாவட்டத்துச் சங்கரன்கோவிலில் கோமதியம்மனை வழிபட வருவோர் புற்றுமண்ணை நெற்றியில் இட்டுக்கொள்வர். பாம்பு, தேள் முதலியவற்றின் உருவங்களைத் தகட்டில் செய்வித்துக் காணிக்கையாகச் செலுத்துவாரும் உளர். விறகுக் கட்டிலும் வைக்கோற் போரிலும் கண்ணிற் படாது பதுங்கியிருக்கும் நச்சுயிர்களால் தம் மக்களுக்கு இடர் நேராதிருக்க வேண்டிச் செய்யும் வழிபாடு இது. இவ்வச்சத்தைப் பேதைமை என்று நகுவோர், இருளில் வயல்வரப்பின்மீது வெறுங்காலோடு நடந்தறியாதவரே. மறைந்திருப்பதற்கு ஓர் உருவம் கொடுத்துக் கண்முன் வைக்குங்கால், அஞ்சிய உள்ளம் சற்றே தேறுகின்றது.

நகரத்தில் பதுங்கியிருப்பது வேறொன்று. கடைவாயில், பேருந்து நிலையம், தெருமுனை ஆகிய எவ்விடத்தும் இன்று கண்காணிப்புக் கேமராக்கள் உள்ளன. சென்னை மாநகரக் காவல்துறை இவற்றுக்கு ‘மூன்றாவது கண்’ என்று பெயரிட்டது. பொருத்தமான பெயரே, நெற்றிக்கண் காக்கவும் வல்லது, எரிக்கவும் வல்லதன்றோ? தனிமனிதனின் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர்.

திருவள்ளுவர் ‘ஒற்றாடல்’ என ஓர் அதிகாரம் வகுத்தார். அஃது அரசனை நோக்கியது. ஒற்றப்படுவோன் உள்ளத்தில் நிகழ்வது யாது? இவ்வினாவை எடுத்துக்கொண்ட கலைகளுள் ஒன்று காணொளிக் கலை. இது கதை கூறும் திரைப்படத்தின் வேறானது; கலைக்கூடத்தில் திரைகளை நிறுத்திக் காண்போரையும் தன்னுள் ஈர்ப்பது.

அமெரிக்கக் கலைஞர் புரூஸ் நாமன் 1970-ஆம் ஆண்டில், ஒருவர் மட்டுமே நுழையத்தக்க நெடிய இடைகழி ஒன்றை அமைத்தார். அதன் கோடியில் இரு தொலைக்காட்சிப் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. ஒன்றில் ஆளற்ற இடைகழி தோன்றும். மற்றொன்றில் நடந்து செல்வோனின் முதுகு தோன்றும். கேமரா வாயிலின் மேலே பொருத்தப்பட்டிருந்தமையால், அவன் தன் உருவைக் காண விரும்பிப் பெட்டியை நெருங்குந்தோறும் அவ்வுருவம் சிறுத்துக்கொண்டே போகும். தன் முகத்தையோ அவன் காணவே இயலாது. யாதொரு தீங்கும் நிகழவில்லை; எனினும் நெஞ்சு திடுக்கிடும்.

நம் நாட்டில், மும்பையில் 2007-ஆம் ஆண்டில் தோன்றிய ‘கேம்ப்’ என்னும் குழுவினர் கண்காணிப்புக் கேமராவையே தூரிகையாகக் கொண்டனர். உயர்ந்த கட்டடமொன்றில் வைத்த ஒரே கேமராவைக் கொண்டு வானளாவிய மாளிகைகளினின்று தாழ்ந்த கூரைகள் வரை மும்பையைப் படம்பிடித்து, 2022-ஆம் ஆண்டில் ஏழு திரைகளில் காட்டினர்.

இவர்தம் முந்தைய படைப்பொன்று இதனினும் நெஞ்சைத் தொடுவது. 2009-ஆம் ஆண்டில் கிழக்கு எருசலேமில் பாலத்தீனக் குடும்பத்தார் சிலருடைய இல்லங்களில் கேமராவைப் பொருத்தி, அதனைத் திருப்பும் கருவியை அவர்கள் கையிலேயே கொடுத்தனர். நாள்தோறும் பிறரால் நோக்கப்பட்டோர் அன்று தாமே நோக்குவோராயினர். அண்டை வீட்டையும் தெருவையும் நோக்கித் தம் எண்ணங்களை அவர்கள் உரைப்பது படத்தில் கேட்கின்றது. வெளியேற்றப்பட்டோர் சிலர், தாம் வாழ்ந்த வீட்டையும் அதில் இப்போது குடியிருப்போரையும் தொலைவிலிருந்து கேமராவின் வழியே உற்றுநோக்கினர்.