கடித உறையும் இணைய வழியும்

ஒருவர் கடிதம் எழுதி, உறையிலிட்டு ஒட்டித் தபாற் பெட்டியிற் சேர்க்கிறார். உள்ளே எழுதப்பட்டிருப்பது யாது என்பதைத் தபாற்காரர் அறியார். ஆயின், உறையின் மேலுள்ள முகவரியை அவர் படித்தே ஆகவேண்டும். ஒரு குடும்பத்துக்கு வரும் உறைகளையும் அங்கிருந்து செல்லும் உறைகளையும் ஒருவர் ஓராண்டு காலம் குறித்து வைப்பாராயின், ஒரு கடிதத்தையேனும் பிரிக்காமலே அக்குடும்பத்தின் நோயையும் கடனையும் வழக்கையும் ஊகித்துவிடலாம். மருத்துவருக்கு மாதந்தோறும் உறை செல்வதும், வழக்கறிஞரிடமிருந்து அடுத்தடுத்து உறை வருவதும் தாமாகவே கதை சொல்லும்.

இணையத்தின் நிலையும் இத்தகையதே. செய்தியைப் பிறர் படிக்க இயலாதவாறு மறைகுறியாக்கி அனுப்பும் வழக்கம் இன்று பரவியுள்ளது. அது கடிதத்தை உறையிலிட்டு ஒட்டுவதற்கு ஒப்பாகும். எனினும், எந்தக் கணினி எந்தக் கணினியோடு, எப்பொழுது தொடர்பு கொண்டது என்னும் விவரம், உறையின் மேலெழுத்தைப் போல வெளியே தெரிகின்றது. அந்த மேலெழுத்தை மறைப்பது எங்ஙனம் என்பதே ஆராயத்தக்க வினாவாகும்.

இணையம் மையமற்ற அமைப்பு என்பர். இக்கருத்தின் வேர் 1960களில் உள்ளது. அமெரிக்காவின் றான்ட் நிறுவனத்திற் பணியாற்றிய போல் பாரன், 1964இல் வெளியிட்ட ஆய்வுரைகளில் மூவகை வலையமைப்புகளை வேறுபடுத்திக் காட்டினார். நடுவிலுள்ள ஒன்றையே நம்பி எல்லா இணைப்புகளும் நிற்பது முதல் வகை. பல சிறு மையங்களை நம்பி நிற்பது இரண்டாவது. மையமே இன்றி, மீன்வலையைப் போல ஒவ்வொரு முடிச்சும் அயல் முடிச்சுகளோடு பிணைந்திருப்பது மூன்றாவது. அணுகுண்டுத் தாக்குதலிற் சில முடிச்சுகள் அறுந்தாலும், செய்தி வேறு வழியாகச் சென்று சேரவேண்டும் என்பதே அவருடைய நோக்கம். செய்தியைச் சிறு துண்டங்களாக்கி அனுப்பும் முறையையும் அவர் விளக்கினார். இன்றைய இணையத்திலும் செய்திகள் துண்டங்களாகவே செல்கின்றன.

இவ்விடத்தில் ஒன்றை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். ஒவ்வொரு துண்டமும் அனுப்பும் கணினியின் எண், பெறும் கணினியின் எண் ஆகிய இரண்டையும் தாங்கியே செல்கின்றது. வழிகள் பலவாயினும், வழியில் நிற்பவர் இரண்டையும் ஒருங்கே படித்துவிடலாம். அன்றியும், காலப்போக்கில் மக்கள் தேடுவதும் பேசுவதும் வாங்குவதும் பெரும்பாலும் ஒரு சில பெருநிறுவனங்களின் வாயில்களூடாகவே நடைபெறலாயின. அரசுகள் இத்தொடர்பு விவரங்களை எத்துணைப் பேரளவில் திரட்டின என்பதை, 2013இல் எட்வேர்ட் சினோடன் வெளிப்படுத்திய ஆவணங்கள் உலகுக்கு உணர்த்தின.

மேலெழுத்தை மறைக்கும் வழியொன்று, 1990களின் நடுப்பகுதியில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுகூடத்திலேயே தோன்றியது. போல் சைவர்சன், மைக்கேல் றீட், டேவிட் கோல்ட்ஷ்லாக் ஆகிய மூவர் அதனை வகுத்தனர். வெங்காயத்தின் தோல்கள் ஒன்றினுள் ஒன்றாக அமைந்திருப்பது போலச் செய்தியும் பல உறைகளுள் இடப்படுவதால், அதற்கு வெங்காயத்தின் பெயரையே சூட்டினர். 2002இல் இயங்கத் தொடங்கிய ‘டோர்’ என்னும் வலையமைப்பு இம்முறையைச் சார்ந்தது.

அது தொழிற்படும் விதம் எளிதில் விளங்கக்கூடியது. அனுப்புபவரின் கணினி, இடைவழிக் கணினிகள் மூன்றைத் தேர்ந்து, செய்தியை மூன்று உறைகளுள் இடுகின்றது. முதற் கணினி மேலுறையைப் பிரித்ததும் இரண்டாவதன் முகவரியை மட்டும் காண்கின்றது. அனுப்பியவரை அது அறியும், சேருமிடத்தை அறியாது. இரண்டாவது கணினி அவ்விரண்டையுமே அறியாது. மூன்றாவது கணினி சேருமிடத்தை அறியும், அனுப்பியவரை அறியாது. ஆகவே, இருவரையும் ஒருங்கே அறிந்த கணினி இடைவழியில் ஒன்றுமில்லை.

கடற்படையில் தோன்றிய கருவி பொதுமக்களுக்கு ஏன் திறந்துவிடப்பட்டது? கடற்படையினர் மட்டும் அவ்வழியைக் கையாண்டால், அவ்வழியே வருவோர் அனைவரும் கடற்படையினர் என்பது வெளிப்படையாகிவிடும். வெறுந்தெருவில் முகத்தை மூடிச் செல்பவனை அந்த மூடுதுணியே காட்டிக்கொடுக்கும். திருவிழாக் கூட்டத்திலோ ஒருவரைத் தேடிப் பிடித்தல் அரிது. பலதரப்பட்ட மக்கள் கூடிச் சென்றாலன்றி எவருக்கும் மறைவு கிட்டாது.

இம்முறைக்குக் குறைகளும் உண்டு. சேருமிடத்துக்குச் செல்லும் செய்தி மறைகுறியாக்கப்படாதிருப்பின், மூன்றாவது கணினியை இயக்குபவர் அதனைப் படிக்கலாம். வழியின் இரு முனைகளையும் ஒருவரே கண்காணித்தால், நேரங்களை ஒப்பிட்டு ஆளை அறியலாம். இடைவழிக் கணினிகளின் பட்டியலைப் பேணும் பொறுப்பு இன்றும் ஒரு சிலர் கையிலேயே உள்ளது. சுற்றுவழியாதலால் வேகமும் குறைவு. தம் பெயரைத் தாமே எழுதிக் கொடுப்பவரை எவ்வுறையும் மறைக்காது.

தீயோரும் இவ்வழியைப் பயன்படுத்துகின்றனர் என்பதை மறுத்தல் இயலாது. ஆயினும், செய்தி தந்தவரைக் காக்க விழையும் பத்திரிகையாளருக்கும், கொடிய கணவனின் கண்ணுக்குத் தப்பி அடைக்கலம் தேடும் பெண்ணுக்கும் இதே வழிதான் உள்ளது. ஒருவருக்கு அடைத்து மற்றவருக்குத் திறக்கும் கதவு இதில் இல்லை. இதனை எடைபோடுவோர் இரு தட்டுகளையும் நோக்குதல் வேண்டும்.

மையத்தைக் கலைப்பதனால் மட்டும் அந்தரங்கம் காக்கப்படாது. யார், யாரோடு என்னும் இரண்டு விவரங்களும் ஒரே கையிற் சேராதவாறு பிரித்து வைத்தலும் வேண்டும். அவ்வாறு பிரித்து வைக்கும் ஆயிரக்கணக்கான இடைவழிக் கணினிகளைப் பல நாடுகளிலும் இயக்கி வருவோர் தொண்டர்களே. அவர்கள் தம் கணினியூடாகச் செல்லும் செய்தி எவரிடமிருந்து எவருக்குச் செல்கின்றது என்னும் இரண்டையும் ஒருங்கே அறியாமலே அதனை அடுத்த கணினிக்குச் சேர்ப்பிக்கின்றனர்.