கோடை முகாமில் பந்து யார் கையில்?

முழு ஆண்டுத் தேர்வு முடிந்த கையோடு தமிழ்நாட்டில் கோடைகால விளையாட்டுப் பயிற்சி முகாம்கள் தொடங்கிவிடுகின்றன. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்ட விளையாட்டரங்குகளில் நடத்தும் முகாம்கள் ஒரு வகை. மதுரை ரேஸ்கோர்ஸ் எம்.ஜி.ஆர். அரங்கு, பாளையங்கோட்டை அண்ணா அரங்கு, திருச்சி அண்ணா அரங்கு போன்ற இடங்களில் 18 வயதுக்கு உட்பட்டோருக்கு இரண்டு மூன்று வாரங்கள் பயிற்சி தரப்படுகிறது. தடகளம், கபடி, வாலிபால், ஹாக்கி என எதில் சேர்ந்தாலும் செலவு மிகக் குறைவு. தனியார் அகாடமிகளும் பள்ளி மைதானங்களில் நடப்பவையும் மற்ற வகைகள். அங்கே கட்டணம் பல ஆயிரம் வரை போகும். கட்டணத்தை வைத்துத் தரத்தை எடைபோட்டுவிட முடியாது. அரசு அரங்கில் முழு அளவு மைதானமும் ஆண்டு முழுவதும் அதே விளையாட்டைச் சொல்லித்தரும் பயிற்சியாளரும் கிடைப்பது பெரிய லாபம். கூட்டம் அதிகமாக இருப்பதுதான் குறை.

நாளுக்கு இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், இருபது நாள் முகாம் மொத்தம் 40 மணி நேரம். மட்டையைச் சரியாகப் பிடிக்கவும், விதிகளைப் புரிந்துகொள்ளவும், அந்த விளையாட்டு தனக்குப் பிடிக்கிறதா என்று குழந்தை கண்டுகொள்ளவும் அது போதும். ஆட்டக்காரரை உருவாக்க அது போதாது. ஆகவே மாவட்ட அணி, மாநிலத் தேர்வு என்று நோட்டீசில் ஆசை காட்டும் முகாமைச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு ஒரே விளையாட்டை விடப் பல விளையாட்டுகள் கலந்த முகாமே நல்லது. ஒரே விளையாட்டில் தீவிரமாக இறங்குவதைப் பதினைந்து வயதையொட்டித் தள்ளிப்போடலாம் என்பதே அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகத்தின் அறிவுரையும். வாரத்தில் ஒரு நாளாவது ஓய்வு வேண்டும் என்றும் அது சொல்கிறது.

பணம் கட்டுவதற்கு முன் ஒரு நாள் காலை அதே பயிற்சியாளர் சொல்லித்தருவதை ஓரமாக நின்று பார்ப்பது, எந்த விளம்பரத்தையும் விட அதிகம் சொல்லும். கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: ஒரு குழந்தையிடம் பந்து எத்தனை முறை வருகிறது? கிரிக்கெட் முகாமில் ஒரே வலை, முப்பது பிள்ளைகள் என்றால் ஒரு மணி நேரத்தில் ஆளுக்கு இரண்டு நிமிடம்தான் மட்டை பிடிக்கக் கிடைக்கும். மீதி 58 நிமிடமும் வரிசையில் நிற்பது, பந்து பொறுக்குவது, முன்னால் நிற்பவனைச் சீண்டுவது என்றே போகும். நல்ல பயிற்சியாளர் அதே முப்பது பேரை ஆறு ஆறு பேராகப் பிரிப்பார். ஒரு குழு வலையில் ஆடும். ஒரு குழு டென்னிஸ் பந்தை வைத்துக் கேட்ச் பிடிக்கும். இன்னொன்று ஸ்டம்பைக் குறிபார்த்து எறியும். மற்றொன்று விக்கெட்டுகளுக்கு இடையே ஓடிப் பழகும். கடைசிக் குழு சுவரில் பந்தடிக்கும். பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒரு விசில், குழுக்கள் இடம் மாறும். செலவு கூடவில்லை, கூடுதல் ஆளும் தேவையில்லை. முன்கூட்டியே திட்டமிட்டு வந்திருக்கிறார், அவ்வளவுதான். பிழை செய்த பிள்ளையிடம் அவர் என்ன பேசுகிறார் என்பதையும் அங்கேயே காதுகொடுத்துக் கேட்டுவிடலாம். மைதானத்தைச் சுற்றி ஓடவைப்பதைத் தண்டனையாகத் தருபவரிடம் சேரும் குழந்தை, ஓட்டத்தையே வெறுக்கப் பழகிவிடும்.

கருவிகளும் ஒரு முகாமைக் காட்டிக்கொடுக்கும். கூடைப்பந்து வளையத்தின் உயரம் பெரியவர்களுக்கு 3.05 மீட்டர், சிறுவர்களுக்கான மினி கூடைப்பந்தில் 2.60 மீட்டர். டென்னிஸில் தொடக்கநிலைக் குழந்தைகளுக்கான சிவப்புப் பந்து வழக்கமான மஞ்சள் பந்தைவிட 75 சதவீதம் மெதுவானது. பத்து வயதுக்கு உட்பட்டோர் போட்டிகளில் வழக்கமான மஞ்சள் பந்தைப் பயன்படுத்தக் கூடாது என்று சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு 2012 முதல் விதியே வைத்துள்ளது. கிரிக்கெட் பந்து பெரியவர்களுக்கு 156 முதல் 163 கிராம். 13 வயதுக்கு உட்பட்டோருக்கு 133 முதல் 144 கிராம். எட்டு வயதுப் பிள்ளைக்கு அண்ணனின் மட்டையைக் கொடுத்து ஆடவிடும் முகாம் குழந்தைகளுக்காகத் தயாராகவில்லை என்று பொருள்.

அடுத்தது வெயில். மே மாதத் தொடக்கத்திலிருந்து கடைசி வாரம் வரை கத்திரி. காலை 6 மணிக்குத் தொடங்கி எட்டு, எட்டரைக்குள் முடித்து, மாலை நாலரைக்குப் பிறகு மீண்டும் தொடங்கும் முகாமையே தேர்ந்தெடுக்க வேண்டும். ‘காலை 10 முதல் 12 வரை’ என்று திறந்தவெளியில் நடத்தினால், மற்ற எல்லாம் நன்றாக இருந்தாலும் அதை விட்டுவிடலாம். இப்போது பரவலாகிவிட்ட செயற்கைப் புல் டர்ஃப், வெயிலில் இயற்கைப் புல்லைவிட வெகு அதிகமாகச் சூடேறும். ஆட்ட மும்முரத்தில் பிள்ளைகளுக்குத் தாகம் தெரியாது. கேட்டால் தரும் தண்ணீர் போதாது, நேரம் வைத்து ஆட்டத்தை நிறுத்திக் குடிக்கவைக்க வேண்டும். 9 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு இருபது நிமிடத்துக்கு ஒருமுறை 100 முதல் 250 மில்லி என்பது பொதுவான அளவு. தலைவலி, வாந்தி, தள்ளாட்டம் வந்தால் உடனே நிழலுக்குக் கொண்டுபோக வேண்டும். பேச்சு குழறினால் அது வெப்ப வாதத்தின் அறிகுறி. உடலை நனைத்துக் குளிர்வித்தபடியே 108 ஆம்புலன்சை அழைக்க வேண்டும். இது பயிற்சியாளருக்குத் தெரிந்திருக்கிறதா என்று கேட்பதில் கூச்சம் தேவையில்லை.

நீச்சல் முகாமுக்குத் தனிக் கவனம் வேண்டும். கோடை விடுமுறையில் கிணற்றிலும் ஏரியிலும் பிள்ளைகள் மூழ்கிய செய்தி ஆண்டுதோறும் வருவதால், நீச்சலைக் கட்டாயம் கற்க வேண்டியதாகவே கருதலாம். குளத்தின் அடித்தரை தெளிவாகத் தெரிய வேண்டும். குளோரின் நெடி மூக்கைத் துளைத்தால் தண்ணீர் சுத்தமாக இருக்கிறது என்று நினைப்பது தவறு. வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு கலந்து உண்டாக்கும் குளோரமின்களின் வாடை அது. கற்றுத்தருபவரைத் தவிர, கண்காணிப்பை மட்டுமே வேலையாகக் கொண்ட உயிர்காப்பாளர் கரையில் இருந்தாக வேண்டும். இருபது நாளில் குழந்தை மிதக்கவும், கொஞ்ச தூரம் நீந்தவும் பழகும். அதை நம்பிக் கிணற்றில் இறங்க விடக் கூடாது.

பயிற்சியாளரின் தகுதியைக் கேட்கும்போது ‘என்.ஐ.எஸ்.’ என்ற பதில் அடிக்கடி வரும். 1961-இல் தொடங்கப்பட்ட பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தை அது குறிக்கிறது. அங்கே பட்டயப் படிப்பும் உண்டு, ஆறு வாரச் சான்றிதழ் படிப்பும் உண்டு. எதை முடித்தார் என்று கேட்பது முறையே. பெண் குழந்தைகள் சேரும் முகாமில் பூட்டும் தாழ்ப்பாளும் உள்ள கழிப்பறை, உடைமாற்றும் அறை, பொறுப்பில் ஒரு பெண் ஆகியவை இருக்க வேண்டும். பெற்றோர் உள்ளே வந்து பார்க்கக் கூடாது என்று தடுக்கும் இடத்தில் எந்தக் குழந்தையையும் சேர்க்கக் கூடாது. தொடுதல் பற்றிக் குழந்தை ஏதாவது சொன்னால் நம்ப வேண்டும், குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழைக்கலாம். போக்சோ சட்டம், 2012-இன்படி குற்றம் நடந்தது தெரிந்தும் மறைப்பதே குற்றம்.

முகாம் நடக்கும்போது வலியைப் பற்றிக் குழந்தை சொல்வதைச் சோம்பேறித்தனம் என்று தள்ளிவிடக் கூடாது. வளரும் பருவத்தில் முழங்காலுக்குக் கீழும் குதிகாலிலும் எலும்பின் வளர்ச்சிப் பகுதி இழுபட்டு வலிப்பது உண்டு. ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் குறையும், நீடித்தால் எலும்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும். தலையில் அடிபட்ட பிள்ளையை அன்று மறுபடி ஆடவிடக் கூடாது. முகாம் முடிந்ததும் குழந்தையே தொடர விரும்பினால், ஜூனில் பள்ளி திறந்த பிறகு அதே பயிற்சியாளரிடம் வாரம் இரண்டு மூன்று மாலை வகுப்பு உண்டா, அதற்குக் கட்டணம் எவ்வளவு என்பதை மே மாதமே கேட்டு வைத்துக்கொள்ளலாம்.