ரோஸ் கலர் டிரவுசரில் சட்டசபைக்கு வந்த முதல்வர்!

1972 நவம்பர். தெற்கு ஆஸ்திரேலியாவின் தலைநகர் அடிலெய்டு. மற்ற உறுப்பினர்கள் கோட்டும் டையுமாக வர, மாநில முதல்வர் மட்டும் வெள்ளை டி-ஷர்ட், ரோஸ் கலர் அரை டிரவுசர், முழங்கால் வரை வெள்ளை சாக்ஸ் சகிதம் சட்டசபைக்கு வந்தார். அந்த போட்டோ நாடு முழுக்கப் பேசப்பட்டது.

அவர்தான் டான் டன்ஸ்டன். பலருக்கும் அவரைப் பற்றி அந்த டிரவுசர்தான் ஞாபகம். ஆனால், அவர் வாழ்க்கையில் அதைவிடத் துணிச்சலான காரியங்கள் நிறைய!

பிறந்தது 1926-ல், ஃபிஜி தீவின் சுவா நகரில். இந்தியக் கூலிகள் கரும்புத் தோட்டங்களில் பட்ட பாட்டை நினைத்து பாரதியார் உருகிப் பாடினாரே, அதே ஃபிஜி. அங்கே வெள்ளையருக்கு ஒரு நீதி, மற்றவர்களுக்கு ஒரு நீதி. வெள்ளைக்காரக் குடும்பத்துப் பிள்ளையான டன்ஸ்டன் அதைப் பார்த்தபடியே வளர்ந்தார், மறக்கவில்லை.

அடிலெய்டில் சட்டம் படித்துவிட்டு, ஃபிஜியில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார். மனைவியோடு மீண்டும் அடிலெய்டு வந்தபோது கையில் காசில்லை. வீட்டில் ஆட்களைத் தங்கவைத்து, அவர்கள் தந்த வாடகையில் குடும்பம் நடத்தினார். 1953-ல் நார்வுட் தொகுதியில் ஜெயித்தபோது வயது 26.

அப்போது ஆஸ்திரேலியாவில் வெள்ளையர் அல்லாதவர்கள் குடியேறத் தடை இருந்தது. ‘வெள்ளை ஆஸ்திரேலியா’ என்ற அந்தக் கொள்கையை அவருடைய தொழிற்கட்சியே தூக்கிப் பிடித்தது. சொந்தக் கட்சிக்குள்ளேயே அதை எதிர்த்து வருஷக்கணக்கில் வாதாடினார். 1965-ல் கட்சியின் கொள்கை அறிக்கையிலிருந்து அது நீக்கப்பட்டது.

அதே வருடம் மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல் ஆனார். ரோமா மிட்செல், ஆஸ்திரேலியாவின் முதல் பெண் சுப்ரீம் கோர்ட் நீதிபதி ஆனது அப்போதுதான். 1966-ல், நிறத்தையும் இனத்தையும் காரணம் காட்டிக் கடையிலோ, ஹோட்டலிலோ, வேலையிலோ ஒருவரை ஒதுக்குவது குற்றம் என்று சட்டம் வந்தது. நாட்டிலேயே இதுதான் முதல்முறை.

1967-ல் முதல்வர், அடுத்த வருடமே பதவி போனது. 1970-ல் திரும்பி வந்தவர், ஒன்பது ஆண்டுகள் ஆண்டார். தன்பால் உறவைக் குற்றப்பட்டியலிலிருந்து முதலில் நீக்கிய ஆஸ்திரேலிய மாநிலம் இதுவே. காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் காசு என்ற திட்டமும் இவர் ஆட்சியில் வந்ததுதான். 1976-ல், பழங்குடி இனத்தைச் சேர்ந்த முன்னாள் கால்பந்து வீரர் டக்ளஸ் நிக்கோல்ஸை கவர்னர் மாளிகைக்கு அனுப்பிவைத்தார்.

அதே 1976 ஜனவரியில், ‘ராட்சத அலை வந்து அடிலெய்டு அழியும்’ என ஒருவர் ஆருடம் சொல்ல, ஊரே பதறியது. சிலர் ஊரைவிட்டே கிளம்பிவிட்டார்கள். முதல்வர் என்ன செய்தார் தெரியுமா? குறித்த நாளில் கிளெனெல்க் கடற்கரைக்கே போய் நின்றார். அலை வரவில்லை!

ஆனால், சொந்த வாழ்க்கையில் பேரலை வந்தது. அவருடைய இரண்டாவது மனைவி, மலேசியாவில் பிறந்த பத்திரிகையாளர் அடெல் கோ, 1978-ல் புற்றுநோயால் இறந்தார். டன்ஸ்டன் உடைந்துபோனார். உடம்பும் ஒத்துழைக்கவில்லை. 1979 பிப்ரவரியில் ஆஸ்பத்திரியில், டிரெஸ்ஸிங் கவுனோடு நிருபர்களைச் சந்தித்து ராஜினாமாவை அறிவித்தார். உடையை வைத்து அவரைக் கிண்டல் செய்தவர்கள்கூட அன்று சிரிக்கவில்லை.

பிறகு, பக்கத்து விக்டோரியா மாநிலத்தில் சுற்றுலாத்துறைப் பணி. முதல்வராக இருக்கும்போதே சமையல் புத்தகம் எழுதியவர் ஆயிற்றே, சமையல் ஆசை விடுமா? 1994-ல், தன்னை முதன்முதலில் ஜெயிக்கவைத்த நார்வுட்டிலேயே ரெஸ்டாரன்ட் திறந்தார். ஒரு காலத்தில் வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்ட ஊரில், வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டார்.

1999 பிப்ரவரியில் அவரையும் புற்றுநோய் கொண்டுபோனது. அவர் ஆட்சியில் திறக்கப்பட்ட கலையரங்கத்தில்தான் அஞ்சலிக் கூட்டம். உள்ளே இடமில்லாமல், வெளியே பூங்காவிலும் ஆயிரக்கணக்கானோர் திரண்டு நின்றார்கள்.