குறைந்த கட்டண விமானம்: கட்டணம் எங்கே குறைகிறது?

விமானக் கழகங்கள் சட்டம் 1994இல் நீக்கப்பட்ட பிறகு இந்தியாவின் உள்நாட்டு வான்வழிகள் தனியாருக்கு முறையாகத் திறந்துவிடப்பட்டன என்றாலும், பயணச்சீட்டின் விலை அடுத்த பத்தாண்டுகளுக்கு நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டாததாகவே இருந்தது. அந்நிலையை உடைத்தது, ராணுவ கேப்டனாக இருந்து ஓய்வுபெற்ற ஜி. ஆர். கோபிநாத் 2003இல் பெங்களூருவில் தொடங்கிய ஏர் டெக்கான். சூரரைப் போற்று திரைப்படத்தின் வழியாகத் தமிழர்கள் அறிந்த கதைக்கு அவரது வாழ்க்கையே அடிப்படை. ஏர் டெக்கான் பின்னர் கிங்ஃபிஷருடன் இணைந்து மறைந்துபோனாலும், அது கொண்டுவந்த முறை மறையவில்லை. 2005இல் ஸ்பைஸ்ஜெட்டும் 2006இல் இண்டிகோவும் பறக்கத் தொடங்கி, இன்று உள்நாட்டுப் பயணிகளில் பெரும்பாலோர் குறைந்த கட்டண விமானங்களிலேயே செல்கின்றனர்.

இம்முறைக்கு முன்னோடி, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 1971இல் சேவையைத் தொடங்கிய சவுத்வெஸ்ட் நிறுவனம். உணவையும் சொகுசையும் குறைப்பதால்தான் கட்டணம் குறைகிறது என்ற பரவலான எண்ணம் பாதி உண்மையே. விமானம் பறக்கும் நேரத்தில் மட்டுமே வருவாய் ஈட்டுகிறது. தரையில் நிற்கும் நேரத்திலோ அதற்கான குத்தகையும் ஊழியர் ஊதியமும் ஏறிக்கொண்டே இருக்கின்றன. எனவே, தரையிறங்கிய விமானம் பயணிகளை இறக்கி, சுத்தம் செய்யப்பட்டு, எரிபொருள் நிரப்பி, அடுத்த பயணிகளுடன் கிளம்புவதற்கு இடைப்பட்ட நேரத்தை ஏறத்தாழ அரை மணிக்குள் அடக்கிவிடுவதே இந்நிறுவனங்களின் முதன்மையான உத்தி. விமானிகளுக்கான பயிற்சி, பழுதுபார்ப்பு, உதிரிபாகம் ஆகிய மூன்றும் எளிதாகும் பொருட்டு ஏர்பஸ் ஏ320 போன்ற ஒரே குடும்ப விமானங்களைப் பெருமளவில் வாங்குவதும், வகுப்புப் பிரிவின்றி 180 இருக்கைகளுக்கு மேல் அமைப்பதும் இக்கணக்கின் தொடர்ச்சியே. புறப்படுவதற்கு 25 நிமிடங்களுக்கு முன்பே நுழைவாயிலை மூடிவிடும் கண்டிப்பும் இதிலிருந்துதான் பிறக்கிறது. ஒரே விமானம் நாள் முழுவதும் ஊர் மாறி ஊர் பறப்பதால், காலையில் டெல்லியில் மூடுபனியால் ஏற்படும் தாமதம் மாலையில் மதுரையில் காத்திருப்போரையும் வந்து சேர்கிறது. ஆகவே அன்றே முடிக்க வேண்டிய முக்கியமான வேலைக்குச் செல்வோர் நாளின் முதல் விமானத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

நிறுவனத்தின் கைக்குள் அடங்காத செலவு எரிபொருள். மொத்தச் செலவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை விழுங்கும் விமான எரிபொருள், சரக்கு மற்றும் சேவை வரிக்குள் கொண்டுவரப்படாததால், மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும் மதிப்புக்கூட்டு வரியைச் சுமக்கிறது. விமானக் குத்தகையோ டாலரில் செலுத்தப்படுவது. இந்த நெருக்கடிக்கு நடுவே லாபம் மிக மெல்லியதாகிவிடுவதால், எஞ்சின் பற்றாக்குறையால் விமானங்கள் முடங்கிய கோ ஃபர்ஸ்ட் நிறுவனம் 2023 மே மாதத்தில் சேவையை நிறுத்தியபோது, முன்பதிவு செய்திருந்த பயணிகள் பணத்துக்காக அலைய நேர்ந்தது. மலிவு விலைக்குப் பின்னால் உள்ள இந்த ஆபத்தைப் பற்றி விளம்பரங்கள் பேசுவதில்லை.

ஒரே வரிசையில் அமர்ந்திருப்போர் வெவ்வேறு விலை கொடுத்திருப்பதும் இயல்பே. விமானம் கிளம்பிய பின் காலி இருக்கைக்கு மதிப்பே கிடையாது என்பதால், இருக்கைகள் பல விலைப் படிகளாகப் பிரிக்கப்பட்டு, தேவை கூடக்கூட அடுத்த படி திறக்கப்படுகிறது. தீபாவளி, பொங்கல் காலங்களில் மலிவான படிகள் வாரக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடுகின்றன. அடிப்படைக் கட்டணத்துக்கு வெளியே, விருப்பமான இருக்கை, உணவு, கூடுதல் எடை ஆகியவற்றுக்குத் தனித்தனி விலை உண்டு. பொதுவாக 15 கிலோ சரக்குப் பெட்டியும் 7 கிலோ கைப்பையும் அனுமதிக்கப்படுகின்றன. மிகுதி எடைக்கான தொகையை இணையத்தில் முன்கூட்டியே செலுத்தாமல் விமான நிலைய கவுன்ட்டரில் செலுத்தினால் பெரும்பாலும் கூடுதலாகவே ஆகும். ஆகவே இரு நிறுவனங்களை ஒப்பிடுவோர் முதல் திரையில் தெரியும் தொகையை விட்டுவிட்டு இறுதித் தொகையையே ஒப்பிட வேண்டும்.

கட்டணம் குறைந்ததால் உரிமையும் குறைந்துவிடுவதில்லை என்பதைப் பயணிகள் அறிவது மிகமிக அவசியம். விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏயின் விதிகள் எல்லா நிறுவனங்களுக்கும் ஒன்றே. இரண்டரை மணி நேரத்துக்கு உட்பட்ட பயணத்துக்கான விமானம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், உரிய நேரத்தில் வந்து காத்திருப்போருக்கு உணவோ சிற்றுண்டியோ வழங்கப்பட வேண்டும். இருக்கைகளைவிட அதிகமாகச் சீட்டு விற்றதால் ஒருவருக்கு இடம் மறுக்கப்பட்டு, ஒரு மணி நேரத்துக்குள் மாற்று விமானமும் கிடைக்காவிட்டால், அவருக்கு 10,000 அல்லது 20,000 ரூபாய் என்ற உச்சவரம்புக்குள் இழப்பீடு உண்டு. பணம் திரும்பத் தரப்படாது என்று அச்சிட்ட சலுகைச் சீட்டில் பயணம் செய்யாமல் விட்டாலும், அரசு வரிகளும் விமான நிலையப் பயன்பாட்டுக் கட்டணமும் பயணிக்குத் திரும்பக் கிடைத்தாக வேண்டும். சலுகைச் சீட்டில் இத்தொகையே விலையின் கணிசமான பகுதியாக இருப்பதால், சீட்டை ரத்து செய்வோர் அதைக் கேட்டுப் பெறத் தயங்க வேண்டியதில்லை.